என் மனைவியின் வாக்கிய நோட்டு

என் மனைவி நர்ஸ். கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக வேலை. வெளிநாட்டில் பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் மூன்று வருடமாவது வேலை பார்க்க வேண்டும் என்பது படிக்கிற காலத்திலிருந்தே அவள் ஆசை. அதற்கு ஆங்கிலத் தேர்வு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

மற்றதையெல்லாம் சமாளித்தாள். சின்னச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டதும் ஆளே மாறிவிடும் வினைகள்தான் அவளைப் படுத்தின. புட் ஆஃப், கிவ் அப், லுக் ஆஃப்டர்.

“கிவ்னா குடுக்கறது. கிவ் அப்னா விட்டுடறது. ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“ஒண்ணுமில்ல. பழகிக்க வேண்டியதுதான்.”

வகுப்பில் ஒரு வழி வைத்திருந்தார்கள். தினமும் ஐந்து வினைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். புத்தகத்தில் இருப்பதை எழுதக் கூடாது, வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். டியூட்டி முடிந்து வந்ததும், குக்கரில் விசில் வருவதற்குள் எழுதி நோட்டை என் பக்கம் தள்ளுவாள். நான் பத்திரிகைக்குச் செய்தி திருத்துகிறவன். சில வருடங்களாக அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். அவள் வாக்கியங்களையும் அதே சிவப்புப் பேனாவால் திருத்தித் தள்ளிவிடுவேன். ‘மோட்டாரை அணைக்க மறந்ததில் தொட்டி வழிந்தது.’ ‘ஆற்றில் தண்ணீர் வராததால் நடவைத் தள்ளிப் போட்டார்கள்.’ இப்படி. ஐந்து வாக்கியங்களுக்கு இரண்டு நிமிடம்.

தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுப் பையை மூடிக்கொண்டே, “நான் பேர் குடுக்கலங்க” என்றாள்.

பயம் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டிக் காட்டினேன். “பாரு, தப்பு எவ்வளவு குறைஞ்சிருக்கு.”

“தப்பு குறைஞ்சிருக்கு, சரி. என்ன எழுதியிருக்கேன்னு படிச்சீங்களா?”

செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

உட்கார்ந்து படித்தேன். கடைசி மூன்று வாரத்து வாக்கியங்கள் பெரும்பாலும் அவள் அப்பாவைப் பற்றியவை. மாமனார் குத்தாலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். இவள் ஒரே பெண். சர்க்கரையால் அவர் பாதத்தில் ஆறாத புண். ஒன்றுவிட்டு ஒருநாள் இவள்தான் பஸ் ஏறிப் போய்க் கட்டுப் போட்டு வருவாள்.

புட் அப் வித்: அப்பா வலியைப் பொறுத்துக்கொள்கிறார், சொல்வதில்லை. ரன் அவுட்: பஞ்சு தீர்ந்துவிட்டது, அப்பா வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார். லுக் ஆஃப்டர்: நான் போனால் அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள். ப்ரிங் அப்: இந்தப் பேச்சை என் கணவரிடம் எடுக்க முடியவில்லை.

மூன்றாவதன் முடிவில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி இருந்தது. போட்டவன் நான். நான்காவதில் பிழை இல்லை. ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாமனாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாப்பிள்ளையிடம் யாரும் கேட்க மாட்டார்கள். நான் போனால் மாமா அந்தக் காலோடு எழுந்து நிற்பார். சாப்பிட்ட தட்டை நானே எடுத்தால் முகம் வாடிவிடும். வாய்விட்டுக் கேட்க முடியாததை அவள் நோட்டில் எழுதி, தினமும் என் கையில்தான் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவளோடு பஸ் ஏறினேன். அவள் ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

“வாங்க மாப்ள” என்று மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உட்காரவைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன்.

“இனிமே கட்டு நான்தான் போடப்போறேன் மாமா.”

காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “கல்யாணத்துல உங்க காலத் தாம்பாளத்துல வச்சுக் கழுவுனவன் நான். நீங்க என் காலத் தொடறதா? ஊரே சிரிக்கும்.”

“கதவச் சாத்திக்கலாம்.”

மகளைப் பார்த்தார். “மாப்ளைய நர்சாக்கிட்டியாம்மா?”

“நான் ஒண்ணும் ஆக்கலப்பா. அவராத்தான் வந்தாரு.”

மாமா தன் காலைக் குனிந்து பார்த்தார். “வெளிநாடு எத்தனை வருஷம்?” என்று கேட்டார்.

“மூணு” என்றாள்.

“அதுக்குள்ள புண்ணு ஆறிடும்” என்றவர் காலை மெதுவாக நீட்டினார். மடியில் வாங்கிக்கொண்டேன்; நான் பயந்ததைவிட லேசாக இருந்தது. குதிகால் வெடிப்புகளில் இன்னும் வயல் கறுப்பு. பழைய கட்டைப் பிரித்து, மருந்து நீரால் துடைத்து, துணியைச் சுற்றினேன். அவள் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

“லூசா இருக்கு. பிரிச்சிட்டு மறுபடி சுத்துங்க.”

சுற்றினேன்.

“இப்ப இறுக்கிட்டீங்க.”

மூன்றாவது கட்டுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கைபேசியை எடுத்துத் தேர்வுப் படிவத்தைத் திறந்தாள். மாமா பாதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“பரவாயில்ல, வரப்பு வச்ச மாதிரி இருக்கு” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், “நாளன்னிக்கு எந்த பஸ்ல வருவீங்க மாப்ள?” என்று கேட்டார்.