மூடி போட்ட பாட்டில்கள்: படாளத்துக்கு அருகே ஒரு மலையடி ஏரி

முட்டுக்காட்டுப் படகுத்துறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று வெறுத்துப்போனதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். படகில் அரை மணி நேரம், வரிசையில் அதைவிட அதிகம். உப்பங்கழி அழகுதான். ஆனால் பக்கத்துப் படகின் ஸ்பீக்கரும் கூடவே வரும். எனக்கு வேண்டியிருந்தது, யாரும் என்னோடு பேசாத கொஞ்சம் தண்ணீர்.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, காற்றடித்து மிதக்கவிடும் கயாக்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இருவர் உட்காரும் வகை, பம்ப்போடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோ. மழை முடிந்து ஏரிகள் நிரம்பியிருக்கும் ஜனவரியும் பிப்ரவரியும்தான் இந்தப் பக்கத்துக்குச் சரியான காலம். அதன்பின் கரையோரம் சேறாகிவிடும். கிண்டியிலிருந்து படாளத்துக்கு ரயில் டிக்கெட் பதினைந்து ரூபாய். செங்கல்பட்டு தாண்டி நிற்கிற வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துப் போங்கள். ஸ்டேஷனிலிருந்து ஏரி ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது.

"இன்னாம்மா மூட்ட, டென்ட்டா?" என்றார் ஆட்டோக்காரர்.

"படகு அண்ணா."

"பைக்குள்ள படகா? காலங்காத்தால கலாய்க்காதம்மா."

ஏரியில் இறங்க யாரிடமாவது கேட்க வேண்டுமா என்றேன். "ஏரி இன்னா யாரு வூட்டுச் சொத்தா? எறங்கு, போ" என்றார். அந்தப் பதிலோடு நான் நிறுத்திக்கொண்டது தவறு. ஏன் என்று பிறகு தெரியும்.

ஏரி பெரியது. மேற்கே பாறைகளை அடுக்கி வைத்தாற்போல ஒரு மலை, அதன் காலடிவரை தண்ணீர். கிழக்கே நீண்ட கரை, கரை முழுக்கப் பனைமரங்கள். காற்றே இல்லை. துடுப்பை எடுத்துவிட்டால், கலைந்த மலை நிழல் மறுபடி தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும். நீர்க்காகங்கள் ஒரு பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரம் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதற்குத்தான் வந்தேன்.

பிறகு பாட்டில்கள் கண்ணில் பட்டன. காலித் தண்ணீர் பாட்டில்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. நீர்நிலைக்குப் போனால் ஒரு சாக்குப் பை எடுத்துப்போவது என் பழக்கம். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சிலவற்றில் நைலான் கயிறு சுற்றி, அடியில் எதிலோ சிக்கியிருந்தது. பறவைகளின் காலில் மாட்டிக்கொள்ளுமே என்று கத்தியால் அறுத்து எடுத்தேன். அந்தப் பாட்டில்களில் எல்லாம் மூடி இறுக்கமாகப் போட்டிருந்ததைக் கவனித்தேன். குப்பை போடுகிறவர்களில்கூட இவ்வளவு ஒழுங்கானவர்களா என்று வியந்ததோடு சரி.

பத்து மணிவாக்கில் கரைக்குத் திரும்பும்போது, தெர்மாகோல் பலகைகளைக் கட்டிச் செய்த தெப்பத்தில் ஒரு தம்பதி ஏரியை வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன நிதானமான வாழ்க்கை என்று ஒரு புகைப்படம் எடுத்தேன். அவர்கள் கரையேறியபோதுதான் பேச்சு காதில் விழுந்தது.

"ஒத்தப் பனைக்கு நேராதான போட்ட?"

"கரை ஃபுல்லா பனதான்டீ கீது. எந்த ஒத்தப் பனைனு நான் கண்டேன்?"

அந்த அக்கா, மல்லிகா என்று பின்னர் அறிந்தேன், என் சாக்கைப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"குப்பை அக்கா. ஏரியில கிடந்துச்சு, பொறுக்கிட்டேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

சாக்கைக் கவிழ்த்தார். பாட்டில்கள் உருண்டன. அவர் கணவர் ஏழுமலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா தாயே, இது எங்க வலைக்கு அடையாளம்மா!"

வலையைக் கல் கட்டி அடியில் இறக்கிவிடுவார்களாம். இரண்டு முனையிலும் கயிறு விட்டு, மேலே ஒரு பாட்டில். மேலே தெரிவது அது மட்டும்தான். மூன்று வலைகளின் தடயத்தையும் நான் சுத்தமாகத் துடைத்திருந்தேன்.

"சிவப்புத் துணி கட்டுனு தலதலையா அட்ச்சிக்கினேன், கட்டினியாய்யா நீ?" என்று முதல் திட்டு கணவருக்குப் போனது. அடுத்தது எனக்கு என்று காத்திருந்தேன். ஆனால் அக்காவின் குரல் தாழ்ந்துவிட்டது. "மீன் போனா போவுதும்மா. வலை எங்க நாத்தனாருது. ரெண்டு வருசமா பேச்சுவார்த்த இல்ல. இந்தப் பொங்கலுக்குத்தான் வூட்டுக்கு வந்தா. புது வலை, கேக்காமயே குடுத்தா. சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்னுகீறா. இல்லனு சொன்னா இன்னா நெனப்பா? வேணும்னே பண்ணோம்னுதான?"

"எங்கக்கா அப்டிலாம் நெனக்காது."

"நெனைக்கும். உங்க குடும்பத்த எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் என் கைக்கடிகாரம் நினைவுக்கு வந்தது. நான் துடுப்புப் போட்ட பாதையை அது பதிந்துவைக்கும். போனில் திறந்தேன். ஏரிமேல் ஒரு கோடு, பாட்டில் பொறுக்க நான் நின்ற இடங்களில் மட்டும் சிக்குப் பிடித்த நூல்போலச் சுருண்டிருந்தது.

"நீ எங்க எங்க போனன்னு இது காட்டிக்குடுக்குதா?" என்றார் மல்லிகா அக்கா. "யோவ், உனக்கு ஒண்ணு வாங்கி மாட்டணும்யா."

ஏழுமலை அண்ணன் வண்டியில் போய், கிணற்றில் விழுந்த வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் தெப்பத்தில் பின்னால் வந்தார். அக்கா என் கயாக்கில் முன்னால் உட்கார்ந்தார்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"எனக்கும் தெரியும். ஆனா உன்னத் தூக்கினு நீஞ்ச முடியாது, அதான் கேட்டேன்."

கடிகாரம் காட்டும் இடம் நாலைந்து கஜம் முன்பின் இருக்கும். கரண்டியை வீசி இழுப்பது, மறுபடி வீசுவது. முதல் இரண்டு வலைகள் மதியத்துக்குள் கிடைத்தன. மூன்றாவதுதான் படுத்தியது. அங்கே நான் வாழைப்பழம் தின்றுகொண்டு வெகுநேரம் மிதந்திருக்கிறேன், கோடு ஒரே குழப்பம். வெயில் உச்சியில் நின்றது. கரண்டியில் பாசிதான் வந்தது. அக்கா பேச்சை நிறுத்தவேயில்லை: எந்தக் கல்யாணத்தில், எந்தப் பந்தியில் அந்தச் சண்டை தொடங்கியது என்பதுவரை. பேசாத தண்ணீர் தேடி வந்தவள், நடுவில் ஒருமுறை "அப்புறம்?" என்று கேட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குக் கரண்டி கனத்தது. வேர்தான் என்றார் அண்ணன். அக்கா வாயைத் திறக்கவில்லை. அன்று அவர் பேசாதிருந்தது அந்த ஒரு நிமிடம்தான். முதலில் ஒரு கல் வந்தது, பிறகு வலை, அதில் துள்ளிக்கொண்டு ஜிலேபிக் கெண்டைகள்.

நாத்தனார் ஸ்கூட்டரில் வந்தபோது மூன்று வலைகளும் கரையில் காய்ந்துகொண்டிருந்தன.

"மீனு கெட்ச்சிதா?"

"கெட்ச்சிது, கெட்ச்சிது. உனக்குத் தனியா எட்த்து வெச்சிக்கீறேன்."

"இது யாரு, புதுசா கீது?"

அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மெட்ராஸ் பொண்ணு. நம்ம ஏரில குப்ப பொறுக்க வந்துச்சு."

ஏழுமலை அண்ணனுக்குத் திடீரென்று பலத்த இருமல்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஏரியின் பெயரை எழுதப்போவதில்லை. படாளம், மதுராந்தகம் பக்கம் மலையடி ஏரிகள் பல உண்டு, உங்களுடையதை நீங்களே தேடுங்கள். இறங்குமுன் மீன்பிடி குத்தகை யாரிடம் என்று ஊரில் கேளுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மதகுப் பக்கம் போகாதீர்கள். சாப்பாடு கையோடு வேண்டும், கடை இல்லை. திரும்பி வர ஆட்டோ எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பை பொறுக்குவதை நான் விடவில்லை. பாட்டில்களை அக்காவே பிரித்துக் கொடுத்தார். ஆறு அவருடையவை, மற்றவை யாரோ குடித்துவிட்டு எறிந்தவை. இவற்றுக்கு மூடி இல்லை. அந்தச் சாக்கை ரயிலில் கொண்டுவந்தேன். தனிமையைத் தேடிப் போகிற இடமெல்லாம் வேறொருவர் வேலை செய்யும் இடமாகவே இருக்கிறது. இது நான் படித்த பயணப் புத்தகங்களிலிருந்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

கிளம்பும்போது அக்கா என் கயாக்கின் பின்வளையத்தில், மூடியை இறுக்கித் திருகிய ஒரு பாட்டிலைக் கட்டினார். "இருக்கட்டும். இல்லனா உன்ன மாரி எவளாச்சும் வந்து, குப்பனு உன்ன எட்த்துனு பூடப்போறா."

அதை இன்னும் அவிழ்க்கவில்லை.