கிரகணம் விடட்டும், அக்கா

என் கையெழுத்து கோணல். அஞ்சாம் வகுப்போடு நின்றவன்... எந்த இடத்தில் எந்த 'ள' என்று இன்னும் குழப்பம். வாராவாரம் இந்தப் பத்தியைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் பிழை கூடுதலாகவே இருக்கும்.

போன மாதம், கொரோனா ஊரடங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூரிய கிரகணம் வந்ததே, நினைவிருக்கிறதா? எருமப்பட்டியில் எல்லோரும் வீட்டில்தான். என் அக்காவும் எங்களோடு இருந்தாள். தம்மம்பட்டியில் வாக்கப்பட்டவள். வயிற்றுக் கட்டிக்கு வைத்தியம் பார்க்க வந்தவள், பஸ் நின்றுபோனதால் தங்கிவிட்டாள். நாலு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

பத்தரைக்கெல்லாம் கிரகணம் பிடித்துவிட்டது. விடும்வரை அடுப்பும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. பதினோரு மணிக்கு அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"சாமி... ஒரு வாய் டீ குடிக்கோணும்னு இருக்குது."

என் மனைவி எழுந்தே விட்டாள். "நாலு நாள் கழிச்சு வாயத் தொறந்து கேக்கறாங்க. வச்சுக் குடுத்தர்றனுங்க."

"கிரகணம் விடட்டும்" என்றேன் நான்.

கிரகணத்துக்குப் பயமா? கொஞ்சம். பெரிய பயம் வேறு — டீ கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் தம்மம்பட்டி மாமா வீட்டார் என்ன சொல்வார்கள்? நாலு பேர் முன்னால் பதில் பேச வராத ஆள் நான்.

அக்காவுக்குப் பராக்குக் காட்டினேன். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக அவள் போர்வையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. ஒவ்வொரு பொட்டிலும் ஓரம் கடித்த மாதிரி ஒரு குறை.

"பாருங்கக்கா, அத்தனையும் சூரியன்!"

ஒன்றை விரலால் தொட்டுச் சிரித்தாள். "அதையே கடிச்சுத் திங்கறாங்க. எனக்குத்தான் டீ இல்லையாக்கும்?"

"இன்னும் கொஞ்ச நேரந்தானுங்கக்கா."

"செரி சாமி. நீ சொன்னாச் செரி."

ஒன்றே முக்காலுக்கு விட்டது. வீட்டைக் கழுவி, குளித்து, டீயோடு போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று விட்டேன். சாயங்காலம் எழுப்பினோம்... எழவில்லை.

மாமா இ-பாஸ் வாங்கிக்கொண்டு வந்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லாப் பாத்துக்கிட்டீங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தலையாட்டினேன்.

பழி வந்துவிடுமே என்று பயந்து எத்தனை நல்லதை நிறுத்தி வைக்கிறோம்?

மாமா இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர். அவருக்காக இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை மாமா... அக்கா கடைசியாக டீ கேட்டாள். நான்தான் கொடுக்கவில்லை.

ஆடி அமாவாசை, திங்கட்கிழமை.