தட்டு போகவேண்டிய பக்கம்

என் வேலை என்னவென்று எங்கள் மலையூர் ஆனைக்கரையில் சொன்னால், "காத்தே இல்லாத டப்பாக்குள்ள சாமான் எடுத்து வைக்கவா பாலக்காடு வரைக்கும் போன?" என்று கேட்பார்கள். ஆமாம், அதற்குத்தான் போனேன்.

பாலக்காட்டில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஓர் எஃகு அறை என் பொறுப்பில் இருக்கிறது. அறை என்றாலும் கல்யாண வீட்டு அண்டா அளவுதான். அதற்குள் காற்று ஏறக்குறைய இல்லை. அந்த நிலைக்குக் கொண்டுவர, பம்புகளை ஓட்டியபடி வெளிப்புறம் முழுக்க அலுமினியத் தாள் சுற்றி நாள்கணக்கில் சூடாக்க வேண்டும். உள்ளே விரல் நகம் அளவுள்ள உலோகத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் யாரோ ஒருவருடைய ஆராய்ச்சி மாதிரி இருக்கும்.

தட்டைக் கையால் தொட வழியில்லை. சுவரில் பொருத்திய ஒரு கோலால்தான் எடுக்க வேண்டும். கோலின் உள்முனையில் கிடுக்கி. அது சுவரைக் கடக்கும் இடத்தில் துருத்தி போல மடிந்த உலோகக் குழாய். வளைந்து கொடுக்கும், காற்றை விடாது. துடுப்பைப் போலத்தான் இதுவும். கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் முனை அந்தப் பக்கம் போகும்.

கோல் பிடிப்பவர் தலையைச் சாய்த்துப் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடிச் சன்னலில் தட்டும் அது உட்காரவேண்டிய பள்ளமும் ஒட்டியிருப்பது போலத் தெரியும். நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியாது. அதனால் இன்னொருவர் எதிர்ச் சுவரின் சன்னலில் நின்று சொல்ல வேண்டும்.

எங்கள் கூடத்தில் சொல்பவர், பக்கத்துப் பெருமாட்டி ஊரிலிருந்து வரும் பெருமாட்டிக்காரர். காலையில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிற டெக்னீஷியன். அவருக்கு இடது வலது கிடையாது. "டீ கிளாஸைக் கொஞ்சம் மேக்கால நகத்துங்க" என்பார். எங்கள் மலையில் மேடு உண்டு, இறக்கம் உண்டு. திசையை யாரும் கேட்டதில்லை. நான் சேர்ந்த புதிதில் விழிப்பதைப் பார்த்து அவர் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, ஆனக்கரைல சூரியன் உதிக்கறதில்லீங்களா?"

"உதிக்கும்ணே. மஞ்சு விலகுறதுக்குள்ள உச்சிக்கு வந்துரும்."

ஒரு நாள் அடுக்கிலிருந்து எடுத்து அளவு மேடையின் பள்ளத்தில் வைக்கவேண்டியிருந்தது இத்தாவின் மாதிரி. அவர் பாலக்காட்டு ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண். என்னைவிட மூத்தவர், அவர் வீட்டு வழக்கில் இத்தா என்றால் அக்கா, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். இரண்டு மழைக்காலம் முயன்று, அந்த வாரம்தான் அவருடைய மெல்லிய படலம் சரியாகப் படிந்திருந்தது. காற்று பட்டால் அந்த நொடியே கெட்டுவிடும். இனி இன்னொன்று செய்ய அவருக்கு அவகாசமும் இல்லை. "என்னுதை நானே வச்சுக்கறேன்" என்று கோலைப் பிடித்தார்.

"கெழக்கால கொஞ்சூண்டு" என்றார் பெருமாட்டிக்காரர்.

அவர் சொன்னது தட்டுக்கு. இத்தா கைப்பிடியைக் கிழக்கே தள்ளினார். முனை மேற்கே போனது. தட்டு மேடையின் விளிம்பில் இடித்து, கிடுக்கியிலிருந்து நழுவி, ஒரு மூலை விளிம்பிலும் மறு மூலை ஒரு கம்பியிலுமாகத் தொற்றி நின்றது. கீழே பம்பின் வாய். அங்கே விழுந்தால் அறையைத் திறந்துதான் எடுக்க வேண்டும். திறந்தால் காற்று புகும்.

"போச்சு பொண்ணே" என்றார் இத்தா.

"போகல இத்தா. இருக்கு, பாருங்க. யாரும் மேசையில சாயாதீங்க."

கோலை நான் வாங்கிக்கொண்டேன். பெருமாட்டிக்காரரின் முகம் வெளிறியிருந்தது. "இனி லெஃப்ட், ரைட்டுனே சொல்லிப்போடறனுங்க" என்றார்.

வேண்டாம் என்றேன். எனக்கு எதிரே நிற்கிறார். அவருடைய இடது எனக்கு வலது. அதை அவர் மனதில் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் கண் தட்டை விட்டுவிடும். அங்கே ஆழம் பார்க்க எங்களிடம் இருந்தது அந்தக் கண் ஒன்றுதான்.

"உங்க வாயில வர்றபடியே சொல்லுங்கண்ணே. தட்டு எங்க போகணுமோ அதை மட்டும் சொல்லுங்க. கையை எப்படித் திருப்பணும்கிறது என் பாடு. கிழக்கு எதுன்னு மட்டும் ஒருதரம் காட்டிருங்க."

"கோயமுத்தூர் இருக்கற பக்கமுங்க. உங்க சோத்தாங்கைப் பக்கம்."

கிடுக்கியைத் திறந்து உள்ளே விட்டேன்.

"மேக்கால... இன்னும் மேக்கால... நிறுத்துங்க. மூச்சு விடுங்க அம்மிணி."

"விட்டா கோல் ஆடும்ணே."

"விடாட்டி நீங்க ஆடுவீங்க."

விட்டேன். கோல் ஆடவில்லை. தட்டின் ஓரத்தில் காது போல ஒரு சிறு நீட்டம் உண்டு. அதைக் கிடுக்கி தொட்டதை விரல்களில் உணர்ந்தேன் என்று சொன்னால் அது மிகை; அத்தனை உலோகத்தைத் தாண்டி அது கைக்கு வராது. கண்ணில் பார்த்தேன், காதில் கேட்டேன், அழுத்தினேன். கம்பி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. தட்டு கிடுக்கியில் இருந்தது.

"கெழக்கால. அப்படியே. இறக்குங்க."

பள்ளத்தில் உட்கார்ந்தது. செய்தியாக எழுதினால் இது ஒரே வரி: தட்டு அதன் இடத்தில் வைக்கப்பட்டது. அந்த வரியைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

இத்தா அளவிடத் தொடங்கினார். படலம் ஒழுங்காக இருந்தால் திரையில் வரிசையான ஒளிப்புள்ளிகள் வர வேண்டும். வந்தன, கூர்மையாக. அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அளவு முடிந்ததும் தட்டைத் திரும்ப அதன் அடுக்கில் வைக்க வேண்டும். நான் கோலை எட்டினேன்.

"தள்ளு பொண்ணே" என்றார் இத்தா. "என்னுது."

பெருமாட்டிக்காரர் போனில் வீட்டாரிடம் வாய்க்கால் அடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அவருடைய சன்னலில் நான் போய் நின்றேன். தட்டு அடுக்கை நெருங்கியது. இடைவெளி தெளிவாகத் தெரிந்தது.

"கிழக்கால, இத்தா. தட்டு, கிழக்கால."

இத்தா கைப்பிடியை மேற்கே தள்ளினார். தட்டு கிழக்கே நகர்ந்தது.

"ஆனக்கரைலயும் உதிச்சிருச்சுங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு இன்னும் அடுக்கில் உட்காரவில்லை.