இசக்கி அக்காவின் அண்ணன் மகள்

1. திங்கட்கிழமை பிரேயர்

அன்று காலை பிரேயரில் அண்ணாச்சி இருந்தார். பக்கத்தில் அவர் மகன், மூன்று ஃப்ளோர் மேனேஜர்கள், லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் பாக்கியம் அம்மா. எதிரே கேஷ் கவுன்ட்டரிலிருந்து சுடிதார் செக்‌ஷன் வரை வரிசையாக நாங்கள் எல்லோரும். பட்டு செக்‌ஷன் இசக்கி அக்கா மட்டும் இல்லை. அறிவிப்பின் முதல் வரி வரை இருந்தார். "பத்தாம் வகுப்பில்" என்று நான் வாசித்ததும், குடோனில் ஏதோ எடுக்கப் போகிறவர் மாதிரி படியேறிப் போய்விட்டார்.

நான் வேலை பார்ப்பது தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. டவல் செக்‌ஷனில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். அஞ்சல் வழியில் பி.காம். முடித்ததும் ஆபீஸுக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் ஃபாரம் என்றால் கொஞ்சம் பக்தி உண்டு. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., லீவு லெட்டர் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இனிமேல் அந்த மேஜைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வாசித்த அறிவிப்பு இதுதான். கடையின் ஆண்டு விழாவில் முதல் முறையாக ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கல்விச் சாதனை விருது. பத்தாம் வகுப்பில் நானூற்றைம்பதுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பரிசு பத்தாயிரம் ரூபாயும் ஒரு ஷீல்டும். மார்க் ஷீட் ஜெராக்ஸ், ஸ்கூலில் வாங்கிய போனஃபைட் இரண்டையும் ஃபாரத்தோடு இணைக்க வேண்டும். ஊழியர் ஹாஸ்டலில் இருப்பவரா என்று ஃபாரத்தில் ஒரு கட்டமும் உண்டு. மேடையில் பிள்ளையோடு பெற்றவரும் ஏற வேண்டும்.

2. கார்டியன்

மதியம் இசக்கி அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமலே ஆபீஸுக்கு வந்தார். லிஃப்ட் ஆபரேட்டர் பாஸ்கர், ஏ.சி. காற்றுக்காக என் மேஜையில்தான் உட்கார்ந்து சாப்பிடுவான். அவனும் இருந்தான்.

"தம்பி, அண்ணன் மகளுக்கு எழுதலாமா?"

"சொந்தப் பிள்ளைங்களுக்குத்தான்க்கா."

"அவளுக்கு மாசாமாசம் நாந்தான் பணம் அனுப்புதேன். அதுக்குங்கூட கெடையாதா?"

"எவ்ளோ மார்க்கு?"

"நானூத்தி எம்பத்தாறு. ஸ்கூல் ஃபர்ஸ்ட். கணக்குல நூறு." சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது.

பாஸ்கர் வாயில் சோற்றோடு சொன்னான். "இன்னாக்கா, அண்ணன் பொண்ணுக்கே இப்டி அழுவுற? சொந்தமா ஒண்ணு பெத்துக்கினா இன்னா பண்ணுவ?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னுல."

அந்தப் பெண் அனுசுயாவை எனக்குத் தெரியும். போன வருடம் பள்ளி லீவில் கடைக்கு வந்து, அத்தை அத்தை என்று இரண்டாவது மாடி முழுக்க அக்கா பின்னாலேயே சுற்றினாள். ஹாஸ்டலில் இரண்டு நாள் தங்கவும் பாக்கியம் அம்மா அனுமதி கொடுத்தார்.

ரூலில் இடமிருக்கிறதா என்று இரண்டாவது ஃப்ளோர் மேனேஜர் துரைராஜ் அண்ணனிடம் கேட்டேன். "வளக்கிறவங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கட்டும். கார்டியன்னு போட்ரு. அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிவந்து சொன்னேன். பாஸ்கர் லிஃப்ட்டுக்குப் போயிருந்தான். அக்கா என் எதிரிலேயே ஊருக்குப் போன் போட்டார்.

"அனு, நாளைக்கே ஸ்கூல்ல போனஃபைட் வாங்கிரு. கார்டியன்னு எழுதலாமாம். பத்தாயிரம்ட்டி! ஆண்டு விழாவுக்கு நீ வந்து மேடையில ஏறணும்."

அந்தப் பக்கக் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது. "மேடையிலயும் அத்தைன்னுதான் கூப்பிடணுமா?"

"ஒரு நாளுதானட்டி."

"அப்பம் அந்தப் பரிசு எனக்கு வேண்டாம்."

போன் கட்டாகிவிட்டது. அக்கா போனை மேஜையில் வைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அவ என் மக."

எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் கல்யாணமாகாதவர்களுக்கு மட்டும்தான் இடம். தங்குவதற்குக் காசு இல்லை, மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்பலாம். அனுவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது அவள் அப்பா இறந்துவிட்டார். பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, எட்டு வருடம் முன்னால் கல்யாணமாகவில்லை என்று சொல்லி அக்கா இங்கே சேர்ந்திருக்கிறார். ஹாஸ்டல் ஹாலில் முப்பது பேருக்கு நடுவில் போன் பேசும்போது, "அத்தைதான் பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பாராம். சின்ன வயதில் அது அனுவுக்கு விளையாட்டாக இருந்திருக்கிறது.

"உண்மையச் சொன்னா ஹாஸ்டல் போயிடும்க்கா. வேலையும் போனாலும் போயிடும்" என்றேன்.

"தெரியும். நீ கூட வா. ஒத்தையில போனா நான் பாதியில திரும்பிருவேன்."

3. அண்ணாச்சி ரூம்

அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மகன் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியம் அம்மா காய்கறிக் கணக்கோடு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு மக இருக்கா."

"யாருக்கு?"

"எனக்கு."

"உனக்குக் கல்யாணமே ஆகலியேட்டி!"

"ஆயி, அவரு செத்தும் போயிட்டாரு அண்ணாச்சி."

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போன ஆவணியில எங்க வீட்டம்மா உனக்கு மாப்பிள பாத்தாளே. கோவில்பட்டிக்காரன். போட்டோல்லாம் காட்டுனாளே."

"அதான் உயரம் பத்தாதுன்னு சொன்னேன்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"எட்டு வருசமா என் கடைச் சோத்தத் தின்னுட்டு எங்கிட்டயே பொய் சொல்லிருக்க."

"சோத்துக்குத்தான் அண்ணாச்சி பொய் சொன்னேன். யாவாரத்துல ஒரு நாளும் சொன்னதில்ல."

"அய்யோ, அந்தப் பிள்ள என் கண்ணு முன்னால அத்த அத்தன்னு சுத்துச்சே!" என்று பாக்கியம் அம்மா தலையில் கைவைத்தார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "மார்க்கு எவ்வளவுல?"

"நானூத்தி எண்பத்தாறு அண்ணாச்சி."

"கணக்குல?"

"நூறு."

சோபா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சின்ன முதலாளிக்கு அந்த நேரம் பார்த்து ஏதோ கால் வந்துவிட்டது. எழுந்து வெளியே போனார்.

"ஃபாரத்த ஒழுங்கா எழுதிக் குடு" என்றார் அண்ணாச்சி அக்காவிடம். "விருது உண்டு. வேலை அது பாட்டுக்கு இருக்கும். ஹாஸ்டல் கெடையாது. இன்னைக்கு உன்ன விட்டா நாளைக்கு ரூல் எதுக்கு? ஒரு மாசத்துல வெளிய வீடு பாத்துக்கோ." பிறகு வார்டனிடம், "இப்பிடி இன்னும் எத்தன பேரு இருக்காளுவ?"

"இனி ஒருத்தியும் கெடையாது அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலமே நைட்டி செக்‌ஷனிலிருந்து ஒருவர் வந்து, "இசக்கி வீடு பாத்தா நானும் சேந்துக்கிடுதேன் தம்பி. எம் மகன் ரெண்டாப்பு படிக்கான்" என்றார். மறுநாள் பில்லிங்கிலிருந்து இன்னொருவர் வந்தார். அவருக்கு இரட்டைப் பெண்கள்.

4. ஈக்காட்டுத்தாங்கல் போர்ஷன்

எங்கள் வீடு ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைகளுக்குப் பின்னால். அங்கே இரண்டு ரூம் போர்ஷன் ஒன்று காலியாக இருந்தது. பேசுவதற்கு என் அம்மா வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஆனால் ஏரியாவில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

ஹவுஸ் ஓனர் அம்மா இழுத்தார். "மூணு பொம்பளைங்க, புள்ளைங்க வேற கீதுங்க. ஆம்பள தொணை இல்லியே?"

"ஆம்பள இன்னாத்துக்குன்றேன்?" என்றார் அம்மா. "உன் வூட்டுக்காரன் பத்து வருசமா குந்திகினு கீறான், அவனா வாடக வசூல் பண்றான்? நீதான பண்ற. இதுங்க மூணும் சம்பாரிக்குதுங்க. சாவியக் குடு."

சாவி கிடைத்தது. அனுவுக்கு அங்கிருந்து நடந்து போகும் தூரத்திலேயே ப்ளஸ் ஒன் சீட்டும் கிடைத்தது, மேத்ஸ் குரூப்.

ஆண்டு விழா அன்று கடைக்கு மேலே மொட்டை மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். அனுசுயாவின் பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் ஏறினார்கள். அக்கா செக்‌ஷனில் தினம் விரித்துக் காட்டும் பட்டு எதையும் கட்டவில்லை. கடை யூனிஃபார்ம் புடவைதான். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அனு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எதையும் வாசிக்கவில்லை.

"என் பேரு அனுசுயா. எங்க அம்மா ரெண்டாவது மாடி, பட்டு செக்‌ஷன்."

அவ்வளவுதான். கீழேயிருந்து பாஸ்கர் விசிலடித்தான். "அக்கா! பெத்துக்கினியேக்கா!" பந்தலே சிரித்தது. பாக்கியம் அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அண்ணாச்சி ஷீல்டை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சேந்து பிடிங்கட்டி" என்றார். போட்டோவில் அக்கா கேமராவைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. உங்கள் மேஜைக்கு யாராவது வந்து, அண்ணன் மகளுக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு, தெரிந்தவருக்கு என்று ஃபாரம் கேட்டால், உடனே ரூலை வாசித்துக் காட்டாதீர்கள். முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். பக்கத்தில் பாஸ்கர் மாதிரி ஆள் இருந்தால் டீ வாங்க அனுப்பிவிடுங்கள். இப்போது வருகிற விருது ஃபாரத்தில் ஹாஸ்டலில் இருப்பவரா என்ற கட்டம் இல்லை. அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். "எடுத்துத் தொலைல" என்றார்.

அத்தை அம்மாவானதற்கு ஆன கணக்கு இது: போர்ஷன் அட்வான்ஸில் அக்காவின் பங்கு பதினைந்தாயிரம். கேஸ் அடுப்பு, பாத்திரம், பாய், தலையணை மூவாயிரத்து இருநூறு. அண்ணன் வீட்டிலிருந்து அனு வந்துசேர பஸ்ஸும் ஆட்டோவுமாக ஆயிரத்து இருநூறு. விருதுப் பணம் பத்தாயிரத்தைக் கழித்தால், அவர்கள் கையிலிருந்து போனது ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.