கம்பத்துக் கோலம்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், தீபாவளிக்காகச் சாயம் ஏற்றிய அரிசியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள் தாமரை. வருஷா வருஷம் மயிலும் குத்துவிளக்கும் போட்டுச் சலித்துவிட்டது. இந்த முறை, செந்தூலில் ரயில் பட்டறைக்குப் பின்னால் தான் பிறந்து வளர்ந்த குடியிருப்பை, அந்தக் கம்பத்தையே போட்டாள். பலகை வீடுகள், பொதுக்குழாய், சாயங்காலம் எண்ணெய்க்கறைச் சட்டையோடு சந்துக்குள் நுழையும் ஆண்கள், கூடவே வரும் கருவாட்டு வாசனை. வாசனையை மட்டும் எப்படிப் போடுவது?

அங்கே இப்போது காண்டோ அடுக்குமாடி நிற்கிறது. கம்பத்தின் ஒரு படம்கூட யாரிடமும் மிஞ்சவில்லை. அதனால்தான் அவளுக்குக் கை ஓடவில்லை. சந்துப் பாதையை அழித்து அழித்துப் போட்டாள். அது அந்தச் சந்துதானா, அவள் கற்பனையா?

"பத்தரைக்கு நல்ல நேரம் முடியுது லா," என்றார் விழாக்குழுத் தலைவர் பரமேஸ்வரன். "டத்தோ வந்து கடைசிப் பிடி அரிசி போட்டா கோலம் முடிஞ்சுது."

"எங்க கம்பத்த இடிச்சவங்களும் நல்ல நேரம் பார்த்துத்தான் இடிச்சாங்கண்ணே."

சிறப்பு விருந்தினரான டத்தோ வந்தார். கோலத்திலிருந்த ஒரு நீலக் கூரைமேல் மஞ்சள் அரிசியைத் தூவினார். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். தாமரை குனிந்து மஞ்சள் அரிசியைப் பொறுக்கினாள். கோலம் எங்கே முடிந்தது?

மத்தியானம், அவள் வரச்சொல்லியிருந்த பழைய அண்டைவீட்டுக்காரர்கள் இருவரும் செமினியிலிருந்து வந்தார்கள். ஹாஜிரா அவள் வயதுக்காரி, கன்னையா மூத்தவர். இருவரும் குனிந்து கோலத்தைப் பார்த்தார்கள்.

"ஏய் தாமர, எங்க துணிக்கொடிய ஏன்டி கன்னையா அண்ணன் வாசல்ல கட்டிருக்க?" என்றாள் ஹாஜிரா.

"அங்கதானே கட்டுவீங்க! உங்க வீட்டுக் கைலி மூஞ்சில அடிக்காம என்னிக்கு நான் வீட்டுக்குள்ள போயிருக்கேன்?" என்றார் கன்னையா.

"பொய் லா! உங்க கோழி எங்க பாயில அசிங்கம் பண்ணுச்சே, அத சொல்லுங்க!"

"கோழிய யாரு ஆக்கித் தின்னது?"

ஹாஜிரா சிரித்தாள். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அழகாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இருவரும் பேச்சிலேயே அந்தச் சந்துக்குள் நடந்துகொண்டிருந்தார்கள்.

தாமரை கையிலிருந்த அரிசியை டின்னில் கொட்டி மூடிவிட்டு எழுந்தாள்.

"எங்க எழுந்திரிக்கிற? கொடி எந்தப் பக்கம்னு நீயே சொல்லு," என்றார் கன்னையா.

"நான் போட்டு முடிச்சுட்டேண்ணே. இனி நீங்களே பேசிக்குங்க."