மே ஐ கம் இன்

டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் வாசலில் நின்று "மே ஐ கம் இன்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு வேப்பிலை வாசம் அடிக்கும்.

வெள்ளிமலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தபோது, தலைமையாசிரியை இந்த ஒரு கேள்விக்காகவே பிள்ளைகளின் உயிரை வாங்குவார். 'கேன்' என்று கேட்ட பிள்ளை 'மே' என்று மாற்றிக் கேட்கும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். அதோடு விட்டாரா என்றால் இல்லை. 'கேன்' ஆதியில் 'தெரியும்' என்ற பொருளில் இருந்ததாம். நீந்தத் தெரியும் என்று நாமும் சொல்கிறோமே, அதுபோல. 'மே'வுக்கு ஆதிப் பொருள் 'பலம் இருக்கிறது' என்பதாம். பலத்தைச் சொன்ன வார்த்தை எப்படி அனுமதி கேட்கும் வார்த்தையானது என்று மதியச் சாப்பாட்டின்போது விளக்குவார். நிறைமாதக்காரியான நான் தயிர்சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டுவேன். ஒரு வார்த்தைக்கு இத்தனை பாடா என்று இருக்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாளில் எனக்கு வலி எடுத்தது. பஸ் இல்லை. தலைமையாசிரியைதான் ஒரு ஜீப்பைப் பிடித்து என்னை ஏற்றினார். வலியோடு போகிறவளைக் காத்துகருப்பு அண்டக்கூடாதென்று வண்டியின் முன்னால் ஒரு கொத்து வேப்பிலையும் கட்டினார். அடிவாரத்தில் ஒரு புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. அங்கே மறியலுக்கு நின்றவர்கள் வேப்பிலையைப் பார்த்ததும், உள்ளே அம்மை கண்டவர் இருப்பதாக நினைத்து, தூரத்து வரப்புக்கு ஒதுங்கிவிட்டார்கள். மறிக்க ஆளில்லை, மரத்தை நகர்த்தவும் ஆளில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்து ஜீப்பின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியை இறங்கி, வேப்பிலையைப் பிய்த்துப் போட்டார். பிள்ளைகளையெல்லாம் வாசலில் நிறுத்தியவர், வரப்பைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்.

"அம்மை இல்லப்பா, பிரசவ வலி. நாங்க போவலாமா?"

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க டீச்சர்? நாங்க பயந்துகினு நிக்கிறோம்" என்றபடி ஒருவர் ஓடிவந்தார். பின்னாலேயே அத்தனை பேரும் வந்து மரத்தைப் புரட்டினார்கள். பலம் இருக்கிறவரிடம்தானே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பது அந்த வலியிலும் எனக்கு விளங்கியது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். அவள் வீறிட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வார்டு வாசலில், சேலையெல்லாம் புழுதியோடு தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். "மே ஐ கம் இன்?" என்று கேட்டார், என்னையல்ல, மகளை. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போது 'கேன்' என்று கேட்கும் பிள்ளைகளையும் உள்ளே விட்டுவிடுகிறேன். மகள் ஊரிலிருந்து வந்தால் தட்டுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. நேரே அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தைத் திறக்கிறாள். அவளுக்காக ஒருவர் அன்றே கைகூப்பிக் கேட்டுவிட்டார்.