ஜிங்கோக்கள் உடைத்த மரக்கால்

“மூணு குவளை பீர் உள்ள போனாப் போதும், எல்லாப் பயலும் சிப்பாய் ஆயிடுறான். கருமம்!”

லண்டனின் லாம்பெத் பேட்டையில் சுட்ட உருளைக்கிழங்கு விற்கும் கெசியா தினமும் இப்படித்தான் திட்டுவாள். அந்த 1878 குளிர்காலத்தில் ஊரே ரஷ்யாவோடு சண்டைக்குத் துடித்தது. ரஷ்யா துருக்கியை அடிக்கிறதாம், இவர்களுக்கு ரத்தம் கொதிக்கிறதாம். ‘ஜிங்கோ மேல் ஆணை’ என்று சத்தியம் பண்ணும் ஒரு சண்டைப்பாட்டு பாட்டுக்கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி வந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று பாடியாக வேண்டும்.

அவள் புருஷன் ஜேபஸும் ஒரு சனிக்கிழமை அப்படி ஒரு கொட்டகைக்குப் போனார். இருபது வருஷத்துக்கு முந்தியே சிப்பாயாகப் போய், கிரிமியாச் சண்டையில் ரஷ்யக் குண்டுக்கு ஒரு காலைக் கொடுத்தவர். மரக்காலோடு அவர் வண்டியைத் தள்ளினால்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும். புண் உரசியதால் மரக்காலைக் கழற்றி மேசைக்கடியில் வைத்திருந்தார். பல்லவி வந்தது. அவர் எழவில்லை.

“டேய் ரஷ்யாக்காரா, எந்திரிடா!” என்றான் துணிக்கடைக் குமாஸ்தா ஒருவன்.

“கால் இல்லப்பா.”

“காலு இல்லியா, ரோஷம் இல்லியா?”

கொல்லென்று சிரிப்பு. இழுத்துக் கீழே தள்ளினார்கள். அந்தக் குமாஸ்தா மரக்காலைக் கையில் எடுத்தான். அது மரக்கால் என்று பார்த்தும் அவனுக்கு உறைக்கவில்லை. அதையே ஓங்கி அடித்தான். மரக்கால் பிளந்தது, ஜேபஸின் இடுப்பெலும்பும் நொறுங்கியது. மற்றவர்கள் பாட்டை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை கெசியா துணிக்கடைக்கே போனாள். அவன் ரிப்பன் அளந்துகொண்டிருந்தான்.

“ஏண்டா, நீ எப்படா கப்பலேறப் போற?”

“நான் எதுக்கும்மா? அதுக்குத்தான் பட்டாளத்துக்காரங்க இருக்காங்களே.”

“இருந்தாரு ஒருத்தரு. அவரத்தாண்டா படுக்க வச்சுட்ட!”

தலை குனிவான் என்று பார்த்தாள். எங்கே! இந்தக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டை வைத்தே ‘ஜிங்கோக்கள்’ என்று யாரோ பத்திரிகையில் கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

“நாங்க ஜிங்கோங்க. அப்படித்தான்!” என்று நெஞ்சை நிமிர்த்தினான். திட்டினதைப் பட்டமாக மாட்டிக்கொண்ட ஜென்மம். ஊரான் பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பத் துடிக்கிற எல்லாருக்கும் இப்போது அதுதான் பெயர். த்தூ!

ஜேபஸ் இனி நடக்க மாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கெசியாதான் வண்டி தள்ளுகிறாள். பகலெல்லாம் மனுஷர் தனியாகக் கிடக்கிறார். ரஷ்யாக்காரன் வீடு என்று அக்கம்பக்கத்தாரும் எட்டிப் பார்ப்பதில்லை. லாம்பெத் பக்கம் போகிறவர்கள், எலும்பு வேகவைக்கும் ஆலைக்குப் பின்சந்தில் மாடியேறி அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும்.